ஒரு கோவிலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை

பர்மாவில் தமிழ்க் கோவில்களை நிர்வகிக்கும் அறங்காவலர்களுக்கும், தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், சங்கப் பெரியவர்களுக்கும்.

வணக்கம்.

பொங்கல் கழிந்த வாரம் சென்னை வியாசர்பாடியிலிருந்து என் பெரிய அத்தை போன் பண்ணினார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் ஏறிய குடும்பம் அவருடையது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. இன்றைக்கும் ‘நம்ம ஊரு’ என்றால் அவருக்கு ரங்கூன்தான். கண் மூடுவதற்குள் நம் மாரியம்மன் கோவில் தீமிதியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எந்தத் தேதி, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரிடம் பேச வேண்டும், கோவிலுக்குப் பக்கத்தில் தங்க இடம் உண்டா என்று பேரனை விட்டு இணையத்தில் தேடச் சொல்லியிருக்கிறார். பையன் ஒரு மணி நேரம் தேடினான். கிடைத்தது ஒரு சுற்றுலாப் பக்கத்தில் இரண்டு வரி, அப்புறம் வருஷம் போடாத ஒரு நோட்டீஸின் மங்கலான படம்.

“ஏம்ப்பா, இத்தனை வருஷமா நிக்கிற கோவிலுக்கு அதுல ஒரு விலாசம்கூட இல்லையா?” என்று அத்தை கேட்டார். தேதியை நான் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொல்ல இங்கே ஒரு மருமகன் இருக்கிறான். மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயிலும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற மற்றவர்களுக்கு யார் சொல்வார்கள்?

அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டதால்தான் இந்த மடல். யாங்கோனில் (அத்தையின் ரங்கூன்தான்) கடைகளுக்கும் சிறிய பள்ளிகளுக்கும் இணையப் பக்கம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஞாயிறு பிற்பகல் தமிழ் வகுப்பு முடிந்ததும், விருப்பமுள்ள பிள்ளைகளைக் கோவில் மண்டபத்தில் உட்கார வைத்து அந்த வேலையைச் சொல்லித் தருகிறேன். நான் கேட்க வருவது ஒன்றுதான்: உங்கள் கோவிலுக்கு ஒரு பக்கம் போட இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிறு கொடுங்கள். பணம் வேண்டாம். பக்கத்தில் போடுவதற்கான எழுத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இணையப் பக்கம் என்றதும் பலருக்குப் பயம் வருவது எனக்குத் தெரியும். அதற்குக் காரணமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு குழு, வெளியே ஒரு நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுத்தது. எட்டு மாதம் ஓடியது. கடைசியில் வந்த பக்கத்தைத் திறந்தால் மேலே யோகாசனம் செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெரிய படம். கீழே ‘எங்கள் குழு’ என்ற இடத்தில், கோவில் வாசலையே மிதித்திராத நான்கு பேரின் முகங்கள். நடுநடுவே, இடத்தை நிரப்ப டெம்ப்ளேட்டிலேயே (தயாராகக் கிடைக்கிற மாதிரிப் பக்கத்திலேயே) வரும் லத்தீன் வரிகள் அப்படியே நின்றன. தமிழ் எழுத்து எல்லாமே படமாக ஒட்டப்பட்டிருந்தது. போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிந்தது. கொடுத்த தொகைக்குத் தமிழ் வகுப்புக்கு ஒரு வருஷத்து நோட்டும் புத்தகமும் வாங்கியிருக்கலாம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த நிறுவனம் செய்த தப்பு எது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘ரெடிமேடு டெம்ப்ளேட்டை வைத்து ஏமாற்றிவிட்டார்கள்’ என்று குழுவில் ஒருவர் கோபப்பட்டார். டெம்ப்ளேட் எடுத்ததில் எந்தத் தப்பும் கிடையாது. நானும் எடுக்கிறேன், உலகம் பூராவும் எடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனால் கனமான ஆல்பம் ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள் அல்லவா? இந்த மாடல், இந்தக் கலர் என்று காட்டிவிட்டு, பெண் பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். புதிதாகப் பிள்ளையார் வரைந்து ஓரத்துப் பூவேலை வரைந்து யாரும் தொடங்குவதில்லை. ஆனால் ப்ரூஃப் பார்க்காமல் அடித்து, போன கல்யாணத்து மாப்பிள்ளை பேரே நம் பத்திரிகையில் வந்தால் விடுவோமா? அந்த நிறுவனம் செய்தது அதைத்தான். மாடலைக் கொடுத்துவிட்டுப் பேரை மாற்றாமல் விட்டார்கள். நாங்களும் ப்ரூஃப் பார்க்கவில்லை.

சரி, இந்த வேலை எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எஸ் என்பது பக்கத்தில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எவ்வளவு பெரிசு என்று உலாவிக்கு (இணையப் பக்கத்தைத் திறக்கிற செயலிக்கு) சொல்கிற மொழி. அதன் முதல் வடிவம் 1996 கடைசியில் வந்தது. எழுத எளிதுதான். ஆனால் சின்ன போன், பெரிய போன், கம்ப்யூட்டர் என்று எல்லாத் திரையிலும் ஒழுங்காக நிற்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ட்விட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்ற இருவர், தங்கள் அலுவலக உபயோகத்துக்காக எழுதி வைத்திருந்த சிஎஸ்எஸ் தொகுப்பை 2011 ஆகஸ்டில் பூட்ஸ்ட்ராப் என்ற பேரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பொத்தான், மெனு, அட்டவணை, படிவம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். நாம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான். இதைத்தான் ஃப்ரேம்வொர்க் என்கிறோம். டெயில்விண்ட், புல்மா என்று வேறும் உண்டு. பிள்ளைகளுக்கு நான் பூட்ஸ்ட்ராப்பையே கற்றுத் தருகிறேன், அதற்கு இலவச டெம்ப்ளேட் ஏராளமாகக் கிடைப்பதால்.

பூட்ஸ்ட்ராப் பக்கத்தின் அகலத்தைப் பன்னிரண்டு பத்திகளாகப் பிரிக்கிறது. பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படி வேண்டுமானாலும் பங்கு போடலாம். காலை பூஜை, உச்சி பூஜை, சாயரட்சை என்று மூன்று பெட்டி வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் நான்கு பத்தி. ‘கோல்-எம்டி-4’ என்று பூட்ஸ்ட்ராப் வைத்திருக்கிற ஒரு குறிப்பேரைச் சேர்த்துவிட்டால், திரையின் அகலம் 768 பிக்சலோ (திரைப் புள்ளியோ) அதற்கு மேலோ இருக்கும்போது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதைவிடச் சின்னத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். இதை நான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்கும்போதே பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, “சயா, இது புள்ளி வெச்சுக் கோலம் போடற மாதிரிதானே?” என்றாள். (சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார்.) அதற்கு மேல் அந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2014இல் 1500 சாட்டுக்கு (சாட் என்பது இங்கத்துப் பணம்) சிம் கார்டு கிடைத்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்களுக்கு இணையம் வந்தது. அதற்கு முன் ஒரு சிம் வாங்க நகையை அடகு வைக்க வேண்டியிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டர் என்ற படியைத் தாண்டி நம் ஜனங்கள் நேராகப் போனுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே கோவில் பக்கத்தை யாரும் பெரிய திரையில் பார்க்கப் போவதில்லை. பாட்டியின் கையில் இருக்கிற, கண்ணாடி கீறிய பழைய போனில்தான் பார்ப்பார்கள். பூட்ஸ்ட்ராப் 2013இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே சின்னத் திரையை முதலில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நமக்குப் பொருந்துகிற காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

போன வருஷம் ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகள், ஒரு லேப்டாப். பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். டெம்ப்ளேட்டை இறக்கி, தேவையில்லாத பகுதிகளை வெட்டினோம்: ‘விலைப்பட்டியல்’, ‘வாடிக்கையாளர் சொல்வது’, ‘எங்கள் குழு’ எல்லாம் போயின. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியிலும் என் போனின் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை தொடர்ந்தது. நிறத்தை மஞ்சளும் குங்குமமுமாக மாற்றினார்கள். ஐந்தரைக்கு, தீபாராதனை மணி அடிக்கும்போது, கோவில் பேரும் பூஜை நேரமும் வரைபடமும் தொலைபேசி எண்ணும் உள்ள ஒரு பக்கம் என் போனில் ஒழுங்காகத் திறந்தது. மூன்றரை மணி நேரம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. இந்த டெம்ப்ளேட் எல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. அதில் தமிழையும் பர்மிய எழுத்தையும் போட்டால் என்ன ஆகிறது என்பதை வெளியே இருக்கிற நிறுவனம் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

தலைப்பில் ‘அருள்மிகு மாரியம்மன் திருக்கோவில்’ என்று போட்டோம். எழுத்தெல்லாம் ஒன்றையொன்று பிடிக்காமல் தள்ளித் தள்ளி நின்றது. ‘திருக்கோவில்’ ஒரே சொல்லாகவே தெரியவில்லை. காரணம், அந்த டெம்ப்ளேட்டை வரைந்தவர் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அழகாகத் தெரிய ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே நான்கு பிக்சல் இடைவெளி விட்டிருந்தார். அதைப் பூஜ்யமாக்கியதும் சொல் கூடிவிட்டது. அப்புறம் ‘அங்காளபரமேஸ்வரி’. சின்ன போனில் அந்த ஒரே சொல் திரையை மீறி வலப்பக்கம் ஓட, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. போன் திரைக்குத் தலைப்பின் அளவைக் குறைத்து, நீளச் சொல்லைத் தேவைப்பட்டால் மடக்கிக்கொள் என்று ஒரு வரி சேர்த்தோம். ‘உபயம் எழுதிக்கொள்ள’ என்ற பொத்தானும் அப்படித்தான். நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்காக அகலத்தை இறுக்கி வைத்திருந்தார்கள். நம் சொல் வெளியே வழிந்தது. பொத்தானின் அகலத்தைச் சொல்லுக்கு விட்டுவிட்டோம்.

பர்மிய எழுத்தில் வேறு சிக்கல். அதில் எழுத்தின்கீழ் எழுத்து அடுக்கி வரும், மேலேயும் குறி வரும். பூட்ஸ்ட்ராப் தலைப்புகளுக்கு வரி உயரத்தை எழுத்தளவின் 1.2 மடங்கு வைத்திருக்கிறது. தலைப்பு இரண்டு வரியாக மடங்கியபோது மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் முட்டியது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதை எப்படிப்பா படிக்கிறது?” என்றார். 1.8 ஆக உயர்த்தினோம். பர்மியத்துக்குத் தேவைப்பட்டதைத் தமிழுக்கும் கொஞ்சம் கொடுத்தோம். சாதாரண வரிகளுக்கு பூட்ஸ்ட்ராப் வைத்திருக்கும் 1.5கூட நம் எழுத்துக்கு நெருக்கம்தான், 1.7 வைத்தால் வயதானவர்களுக்குக் கண் வலிக்காது.

எழுத்துரு விஷயமும் இப்படியே. டெம்ப்ளேட்டோடு வருகிற அழகான எழுத்துருவில் தமிழே இருக்காது. இல்லாத எழுத்தை உலாவி வேறெங்கிருந்தாவது எடுத்துப் போடும். ஒவ்வொரு போனில் ஒவ்வொரு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மியன்மார் இரண்டும் இலவசம். இரண்டையும் நம் பக்கத்தோடேயே வைத்துவிட்டால் எங்கும் ஒரே முகம். அதோடு ஒவ்வொரு பகுதிக்கும் ‘இது தமிழ்’, ‘இது பர்மியம்’ என்று குறியீட்டில் மொழியைச் சொல்லிவிட வேண்டும். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிற செயலிகள் அதைப் பார்த்துத்தான் எந்த மொழியில் வாசிக்கலாம் என்று முடிவெடுக்கின்றன.

2019 அக்டோபர் 1ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அதுவரை நாடு முழுக்க ஸௌஜீ என்ற எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற வேண்டும் என்று அரசு நாள் குறித்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாமல் நாம் பட்ட பாடு அப்போது எல்லோருக்கும் புரிந்தது. நம் தமிழ் நோட்டீஸ்களும் அதே கதைதான். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த திருவிழா நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வருகிறது. அதனால்தான் முன்பு சொன்ன அந்த நிறுவனத்தார் படமாக ஒட்டினார்கள். படமாக ஒட்டிய எழுத்தைத் தேடினால் கிடைக்காது. என் அத்தையின் பேரன் ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் வராததற்கு இது ஒரு காரணம். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அதைவிட நல்லது, போனில் தமிழ் விசைப்பலகையில் தட்டி வைபரில் அனுப்புவது. தட்டத் தெரியாவிட்டால் தாளில் எழுதித் தாருங்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தட்டட்டும், அவர்களுக்கும் எழுத்துப் பழகும்.

‘ஃபேஸ்புக் இருக்கிறதே, அது போதாதா?’ என்று ஒரு தர்மகர்த்தா ஐயா என்னிடம் கேட்டார். 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. பத்து வருஷமாக அதில் போட்டு வைத்த திருவிழாப் படங்களும் அறிவிப்புகளும் பலருக்கு அன்றே எட்டாமல் போயின. தடையைத் தாண்டித் திறக்க உதவும் விபிஎன் செயலி போட்டுப் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். பாட்டிக்கு யார் போட்டுக் கொடுப்பது? நமக்கென்று ஒரு விலாசம் இருந்தால், ஃபேஸ்புக்கில் போடுவதை அங்கேயும் போடலாம். ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் பூட்ஸ்ட்ராப்பையும் எழுத்துருவையும் வெளிநாட்டுச் சர்வர் ஒன்றிலிருந்து இழுக்கும்படி எழுதப்பட்டிருக்கும். வேகமான இணைப்பு உள்ள ஊரில் அது வசதி. இங்கே அந்தச் சர்வர் எட்டாத நாளில் பக்கம் சட்டையில்லாமல் நிற்கும்: நிறம் இல்லை, பத்தி இல்லை, எல்லாம் ஒரே வரிசை. அந்தக் கோப்புகளை இறக்கி நம் பக்கத்தோடேயே வைத்துவிட வேண்டும். சுருக்கி அனுப்பினால் பூட்ஸ்ட்ராப்பின் சிஎஸ்எஸ் கோப்பு சுமார் 30 கிலோபைட்தான். கோபுரப் படம்தான் கனம். போனில் எடுத்த படம் அப்படியே போனால் நான்கைந்து மெகாபைட். அதை 200 கிலோபைட்டுக்குள் சுருக்கிப் போட்டால் டேட்டா பேக் தீருகிற தறுவாயில் இருப்பவர்களுக்கும் திறக்கும். பக்கத்தை எங்கே வைப்பது என்றால், இப்படிப்பட்ட எளிய பக்கங்களை இலவசமாகவே வைக்க கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்கள் உண்டு. முடிவெடுப்பதற்கு முன், விபிஎன் இல்லாமல் இரண்டு மூன்று விதமான சிம்மில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இலவசம் என்று போட்டிருக்கிற டெம்ப்ளேட்டுகளில் சிலவற்றில், செய்தவரின் பேரை அடியில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். வைத்துவிடுங்கள். உபயதாரர் பேரைக் கல்லில் வெட்டுகிற நாம் இதற்கு யோசிக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய டெம்ப்ளேட்டின் திருட்டுப் பிரதியை மட்டும் யார் கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் பக்கம் அப்படிப் போடப்பட்டு, திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கோவில் பேரில் அப்படி ஒன்று நடந்தால் நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எல்லாக் கோவிலும் ஒரே டெம்ப்ளேட் எடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கட்டும் என்பேன். நான் சொல்ல நினைப்பதும் அதுதான். தமிழும் பர்மியமும் சரியாக நிற்கிற, மெதுவான இணைப்பிலும் திறக்கிற ஒரு டெம்ப்ளேட்டை நாம் ஒரு முறை நன்றாகச் செய்துவிடுவோம். யாங்கோனில் செய்ததை பெகு எடுத்துக்கொள்ளட்டும், தட்டோன் எடுத்துக்கொள்ளட்டும், மோல்மேன் எடுத்துக்கொள்ளட்டும். நிறம் மாறும், படம் மாறும், அம்மன் பேர் மாறும். வரி உயரத்தையும் எழுத்துருவையும் ஒவ்வோர் ஊரிலும் புதிதாகச் சண்டை போட்டுச் சரிசெய்ய வேண்டியதில்லை. கோபுரங்களும் ஆகமம் சொல்கிற முறையில்தான் எழும்புகின்றன. நம் கோவில் எது என்று யாரும் தடுமாறுவதில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் கட்டிய அந்தப் பக்கம் மக்கள் பார்வைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அத்தையின் பேரன் தேடியபோது அது இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. காரணம் சிஎஸ்எஸ் இல்லை. ‘கோவில் வரலாறு’ என்ற ஒரு பத்தி. ஸ்தாபித்த வருஷம் ஒன்று என்றார் ஒருவர், இன்னொன்று என்றார் இன்னொருவர். யார் குடும்பத்தின் பேர் முதலில் வர வேண்டும் என்று இரண்டு கூட்டம் நடந்தது. இவர்கள் எல்லோரும் கோவிலுக்காக உழைத்தவர்கள், எல்லோர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் “சயா, எழுத்து வந்துடுச்சா?” என்று கேட்ட பிள்ளைகள், மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இப்போது சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். தான் கட்டிய பக்கத்தை அவன் அங்கிருந்துதான் முதல் முறை பார்த்தான்.

ஆகவே வரலாறு பிறகு வரட்டும். முதல் நாள் பக்கத்துக்குத் தேவை மிகக் கொஞ்சம்: கோவிலின் முழுப் பேர், தெருவோடு விலாசம், நடை திறக்கும் நேரம், இந்த வருஷத் திருவிழாத் தேதிகள், போன் எடுத்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் எண். வரலாறு வேண்டுமென்றால் கல்வெட்டில் இருப்பதை இருக்கிறபடி போடுங்கள், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். மற்றதைப் பேசி முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இணையப் பக்கம் கருங்கல் இல்லை, நாளைக்கே திருத்தலாம்.

மூன்று மொழியிலும் வேண்டும் என்பது என் ஆசை. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க பர்மியம்தான் கைவரும். தீமிதிக்கு வருகிற பர்மியக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வேண்டுதலோடு வருகிற அவர்களுக்கும் நேரம் தெரிய வேண்டாமா? தமிழ் மேலே இருக்கட்டும், பர்மியம் அதன் கீழேயே இருக்கட்டும், தனிப் பக்கத்தில் ஒளிந்து கிடக்க வேண்டாம். தமிழ் வகுப்பில் படிக்கிற குழந்தை இரண்டையும் ஒரே திரையில் பார்த்தால், தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்கு வரும். ஆங்கிலம் கடைசியில் நான்கு வரி போதும்.

கடைசியாக, சாவி. பக்கத்தின் பேரை, அதாவது இணைய விலாசத்தை, பதிவு செய்யும்போது, ஆர்வத்தோடு ஓடியாடுகிற பையனின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுகிறோம். அவன் வெளிநாடு போகிறான். புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதம் அவனுடைய பழைய மின்னஞ்சலில் யாரும் திறக்காமல் கிடக்கிறது. ஒரு வருஷத்தில் பேர் கைமாறிவிடுகிறது. முதலில் சொன்ன அந்த எட்டு மாதப் பக்கமும் கடைசியில் அப்படித்தான் போனது. ஆகவே கோவில் பேரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைச் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் கொடுங்கள். உறையில் எழுதி, நகைப்பெட்டி வைக்கிற அலமாரியிலேயே வையுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கோவில் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

பங்குனி மாதத்து ஞாயிறுகளில் நான்கு வாரமும் பகல் இரண்டு மணியிலிருந்து நான் மண்டபத்தில் இருப்பேன். பிள்ளைகளும் இருப்பார்கள். வெளியூர்க் கோவில்காரர்கள் வர முடியாவிட்டால், எங்கள் கோவில் அலுவலகத்துக்கு ஒரு தகவல் அனுப்பினால் போதும். வருகிறவர்கள் பூஜை நேரத்தை ஒரு தாளில் எழுதி, கோபுரத்தைக் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, கையோடு கொண்டு வாருங்கள். உங்கள் பேத்தியோ பேரனோ இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அவர்களே கட்டட்டும்.

அத்தைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவர் வந்து இறங்குவதற்குள் நம் கோவில் பக்கத்தில் இந்த வருஷத்துத் தீமிதித் தேதியை ஏற்றிவிட வேண்டும். குழு இன்னும் எழுதித் தரவில்லை.

பணிவுடன்,
ஞாயிறு வகுப்பு ஆசிரியன்,
யாங்கோன்